மளிகைக் கடை எட்டும் தூரத்தில் இருக்கிறதா? அளந்து பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வந்த முதல் வருடம் எங்களிடம் கார் இல்லை. வீட்டிலிருந்து சூப்பர்மார்க்கெட் வரைபடத்தில் 0.9 மைல்தான். நடுவில் ஆறு வழிச் சாலை ஒன்று குறுக்கே போகும். நடைபாதை பாதி வழியில் நின்றுவிடும். சிக்னல் இருக்கும் இடம் வரை சுற்றிக்கொண்டு போனால் 1.4 மைல். இருபது பவுண்டு அரிசிப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, புல்வெளி ஓரமாக, பின்னால் வரும் லாரிச் சத்தத்தைக் கேட்டபடி நடந்தது இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. அரசுக் கணக்குப்படி அந்தக் குடியிருப்பு கடை வசதி உள்ள இடம். அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து நாங்களே அளக்கவும் இறங்கினோம்.

புதிதாக இந்த வேலையில் சேர வருகிறவர்களும், தங்கள் ஊரில் இதைச் செய்ய நினைக்கும் தமிழ் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க நடைமுறை. தமிழ்நாடு பற்றியும் ஒரு கேள்வி உண்டு.

கடை இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியுமே, எதற்கு அளக்க வேண்டும்?

யாருடைய கண்ணுக்கு என்பதைப் பொறுத்தது. கார் வைத்திருப்பவருக்கு மூன்று மைல் ஏழு நிமிடம். கார் இல்லாத பாட்டிக்கு அதே மூன்று மைல் இரண்டு பேருந்துகள், ஒரு காத்திருப்பு, அரை நாள். நகர மன்றத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் காரில் வருபவர்கள். "எங்கள் பகுதியில் கடை இல்லை" என்று எழுந்து சொன்னால், "எத்தனை வீடுகளுக்கு இல்லை? எவ்வளவு தூரம்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கையில் பதில் வேண்டும்.

பண விஷயமும் இருக்கிறது. கடை திறப்பவர்களுக்குக் கடனும் மானியமும் தரும் திட்டங்கள் பல மாநிலங்களில் உண்டு. பென்சில்வேனியா 2004இல் தொடங்கியது இவற்றில் முன்னோடி. இப்படிப்பட்ட திட்டங்கள் உதவி எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை வருமானம், கடைத் தூரம் போன்ற அளவுகோல்களை வைத்தே பார்க்கின்றன. அரசு வரைபடத்தில் 'கடை வசதி குறைந்த இடம்' என்று நிறம் விழாத பகுதி கோரிக்கையில் பின்தங்கிவிடும்.

'உணவுப் பாலைவனம்' என்கிறார்களே, அதுதானா இது?

அதேதான். 1990களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் அரசுக் குடியிருப்பில் வசித்த ஒருவர் தன் பகுதியை இப்படிச் சொன்னதாகவும், அங்கிருந்து இந்தச் சொல் பிரிட்டன் அரசு ஆவணங்களுக்குள் போனதாகவும் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டின் பண்ணைச் சட்டம் இதை ஆராயச் சொன்னது. வேளாண்மைத் துறை 2009இல் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. 2011இல் உணவுப் பாலைவனங்களைக் காட்டும் வரைபடத்தை இணையத்தில் போட்டது. 2013இல் அதை விரிவாக்கியபோது பெயரையும் மாற்றி, 'உணவு அணுகல் ஆய்வு வரைபடம்' என்ற பொருள்படும் பெயரை வைத்தது.

நான் 'பாலைவனம்' என்ற சொல்லைத் தவிர்க்கிறேன். பாலைவனம் இயற்கையாக உருவாவது. பல அமெரிக்க நகரங்களில் கடை இல்லாத பகுதிகள் அப்படி உருவானவை இல்லை. 1930களில் கறுப்பினத்தார் வாழ்ந்த தெருக்களை வரைபடத்தில் சிவப்பாகக் குறித்து, அங்கே வீட்டுக் கடன் ஆபத்தானது என்று முத்திரை குத்தினார்கள். பின்னர் வசதியுள்ள வெள்ளையர்கள் புறநகருக்குப் போனபோது பெரிய கடைகளும் கூடவே போயின. பால்டிமோரில் மக்களே இந்தச் சொல்லுக்கு மறுப்புச் சொன்னார்கள். அந்த நகரம் 2018இல் வெளியிட்ட வரைபடத்தில் 'ஆரோக்கிய உணவுக்கு முன்னுரிமை தர வேண்டிய பகுதி' என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் நீளம்தான். ஆனால் அங்கே வாழ்பவர்களை அது குறைத்துப் பேசவில்லை.

வேளாண்மைத் துறையின் வரைபடம் எப்படிக் கணக்கிடுகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாமே இதை ஒட்டியோ வெட்டியோ வருபவை.

நாடு முழுவதையும் அரை கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். கட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து மிக அருகில் உள்ள சூப்பர்மார்க்கெட்டுக்கு நேர்கோட்டில் தூரம் பார்க்கிறார்கள். பிறகு இந்தக் கட்டங்களை 'சென்சஸ் டிராக்ட்' என்ற கணக்கெடுப்பு வட்டாரத்தோடு பொருத்துகிறார்கள். ஒரு டிராக்ட்டில் சராசரியாக நாலாயிரம் பேர் இருப்பார்கள். நம் ஊர் வார்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

நகர்ப்புற டிராக்ட்டில் குறைந்தது 500 பேரோ, அல்லது மூன்றில் ஒரு பங்கினரோ கடையிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் இருந்தால் அது 'அணுகல் குறைந்த' வட்டாரம். கிராமப்புறத்தில் இதே கணக்கு, ஆனால் 10 மைல். இதோடு வருமானத்தையும் பார்க்கிறார்கள். வறுமை விகிதம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அல்லது அந்த வட்டாரத்தின் நடுநிலைக் குடும்ப வருமானம் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழும் இருக்கும் அளவு) மாநிலத்தின் அல்லது பெருநகரப் பகுதியின் நடுநிலை வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் வரைபடத்தில் நிறம் விழும்.

காரை வைத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. கார் இல்லாத 100 வீடுகளாவது கடையிலிருந்து அரை மைலுக்கு அப்பால் இருந்தால் அந்த டிராக்ட் கணக்கில் வரும். கார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 500 பேரோ மூன்றில் ஒரு பங்கினரோ 20 மைலுக்கு அப்பால் இருந்தாலும் வரும். எனக்குப் பிடித்தது இந்தக் கணக்குதான். வரைபடத்தைத் திறந்தால் இது தானாக முன்னால் வந்து நிற்காது, நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் இதைப் பார்க்காமலே மூடிவிடுகிறார்கள்.

ஒரு மைல் என்று ஏன் வைத்தார்கள்? அரை மைல் என்று வைத்தால்?

வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டுக் கடைப் பட்டியலை வைத்துப் போட்ட கணக்கில், நகர்ப்புறம் ஒரு மைல், கிராமப்புறம் 10 மைல் என்று எடுத்தால் குறைந்த வருமான, குறைந்த அணுகல் வட்டாரங்களில் கடைக்குத் தொலைவில் இருப்பவர்கள் 1 கோடியே 88 லட்சம் பேர். நாட்டு மக்கள்தொகையில் 6.1 சதவீதம். நகர்ப்புற அளவை மட்டும் அரை மைலாகக் குறைத்தால் 5 கோடியே 36 லட்சம் பேர், 17.4 சதவீதம்.

ஒரு கடைகூட மூடவில்லை. ஒருவரும் வீடு மாறவில்லை. அளவுகோலை மாற்றியதும் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது. "எங்கள் நகரத்தில் இத்தனை பேருக்குக் கடை வசதி இல்லை" என்று யாராவது ஒரே ஒரு எண்ணைச் சொன்னால், எந்த அளவுகோல் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சொல்லும்போதும் அதைச் சேர்த்தே சொல்லுங்கள்.

பால்டிமோர் கால் மைலை எடுத்துக்கொண்டது. கூடவே வருமானம், 30 சதவீதத்துக்கு மேல் வீடுகளில் வாகனம் இல்லாமை, அந்தப் பகுதிக் கடைகளில் கிடைக்கும் ஆரோக்கிய உணவின் மதிப்பெண் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தது. நான்கும் பொருந்தினால்தான் முன்னுரிமைப் பகுதி. அப்படியும் 2018 வரைபடத்தில் நகர மக்களில் 23.5 சதவீதம் பேர் அதற்குள் வந்தார்கள். ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள, பலர் நடந்தே போகும் நகரத்துக்குக் கால் மைல் நியாயமான அளவு என்றே நினைக்கிறேன். உங்கள் ஊருக்கு எது நியாயம் என்பதை நடப்பவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தக் கடையைக் கணக்கில் சேர்ப்பது?

எங்கள் குழுவில் அதிகம் சண்டை நடந்தது இதில்தான்.

வேளாண்மைத் துறை சூப்பர்மார்க்கெட்டுகளையும், பெரிய மளிகைக் கடைகளையும், எல்லாப் பொருளும் விற்கும் பிரம்மாண்டக் கடைகளையும் மட்டுமே சேர்க்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சம் டாலராவது இருக்க வேண்டும். இறைச்சி, காய்கறி பழம், பால் பொருட்கள், உலர் மளிகை, உறைய வைத்த உணவு என்று எல்லாப் பிரிவும் இருக்க வேண்டும். இந்த வரையறைக்கு ஒரு காரணம் உண்டு. நாடு முழுவதும் ஒரே மாதிரி எண்ண வேண்டுமானால் ஏதாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். வெண்டைக்காயும் முருங்கைக்காயும் துவரம் பருப்பும் வாங்கும் சின்ன இந்தியக் கடை, மெக்சிகோக்காரரின் காய்கறிக் கடை, வியட்நாமியக் குடும்பம் நடத்தும் மீன் கடை. இவற்றில் பலவற்றில் இறைச்சிப் பிரிவே இருக்காது, அல்லது விற்பனை அந்த அளவுக்கு எட்டாது. ஆனால் அந்தத் தெருவில் இருப்பவர்களின் சமையலறை அதை நம்பித்தான் ஓடுகிறது. புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பகுதியை அரசு வரைபடம் 'கடை இல்லாத இடம்' என்று காட்டினால், முதலில் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள்.

எதிர்ப்பக்கம் 'டாலர் கடை' என்ற மலிவு விலைக் கடை இருக்கிறது. சிப்ஸ், சோடா, டப்பா உணவு, சோப்பு எல்லாம் கிடைக்கும். பெரும்பாலான கிளைகளில் புதிய காய்கறி கிடைக்காது. சிலவற்றில் இப்போது கொஞ்சம் வைக்கிறார்கள். இதைக் கடை என்று எண்ணினால் பகுதி நன்றாக இருப்பதாகத் தெரியும், எண்ணாவிட்டால் மோசமாகத் தெரியும். டாலர் கடைகள் நெருக்கமாக வந்தால் அங்கே முழு மளிகைக் கடை பிழைக்க முடியாது என்ற கவலையும் உண்டு. ஓக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகர மன்றம் 2018இல் நகரின் வடபகுதியில் புதிய டாலர் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் வருவதைக் கட்டுப்படுத்தியது.

எங்கள் தீர்வு இது: எல்லாக் கடையையும் குறித்துக்கொள்கிறோம், ஆனால் மூன்று வகையாக. முழு மளிகைக் கடை, புதிய காய்கறியோ பாலோ இறைச்சியோ கிடைக்கும் சின்னக் கடை, பொட்டல உணவு மட்டும் விற்கும் கடை. முதல் வகையை மட்டும் வைத்து ஒரு கணக்கு, முதல் இரண்டையும் சேர்த்து ஒரு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னக் கடைகள் எந்தத் தெருக்களைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்பது பளிச்சென்று தெரியும். அப்படி ஒரு கடை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டால் என்ன இழப்பு என்பதையும் உடனே சொல்ல முடியும்.

மூன்றாம் வகையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துரித உணவுக் கடையும் பொட்டல உணவுக் கடையும் நல்ல கடையைவிடப் பல மடங்கு இருக்கும் பகுதியை 'உணவுச் சதுப்பு நிலம்' என்கிறார்கள். உடல் பருமனோடு கடை இல்லாமையைவிட இந்தச் சதுப்பு நிலைமைக்குத்தான் நெருங்கிய தொடர்பு என்று 2017இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

உழவர் சந்தை வாரத்தில் ஒரு நாள், வருடத்தில் ஆறு மாதம் என்றால் அதையும் அப்படியே, நாளும் மாதமும் போட்டுக் குறியுங்கள்.

தூரத்தை எப்படி அளப்பது?

மூன்று வழி இருக்கிறது.

நேர்கோடு சுலபம். காகிதமும் அளவுகோலும் போதும். ஆனால் காக்கைக்குத்தான் அந்தத் தூரம் பொருந்தும். கட்டம் கட்டமாகச் சாலை போட்ட நகரத்தில்கூட, மூலைக்கு மூலை நடந்தால் நேர்கோட்டைப் போல 1.4 மடங்கு வரும். வளைந்து வளைந்து முட்டுச் சந்தில் முடியும் புறநகர்த் தெருக்களில் இன்னும் கூடும். ரயில் பாதையோ ஆறோ விரைவுச் சாலையோ குறுக்கே வந்தால் நேர்கோட்டுக்கு அர்த்தமே இல்லை.

இரண்டாவது, சாலை வழித் தூரம். 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' என்ற திறந்த வரைபடத் தரவும் 'க்யூஜிஐஎஸ்' என்ற இலவச வரைபட மென்பொருளும் இருந்தால், ஒவ்வொரு வீட்டுத் தொகுதியிலிருந்தும் கடைக்கு நடைவழித் தூரம் எடுக்கலாம். கணினி தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் வார இறுதி ஒன்றில் செய்துவிடுவார். ஆனால் நடைபாதை இல்லாத சாலையையும் அந்தத் தரவு நடக்கக்கூடிய வழியாகக் காட்டலாம். என் முதல் வருடத்து வீட்டுக்கு அது 0.9 மைலையே சரி என்று சொல்லியிருக்கும்.

மூன்றாவது, நேரம். பேருந்தில் போகிறவர்களுக்கு மைல் கணக்கு ஒன்றும் சொல்லாது. வீட்டிலிருந்து நிறுத்தத்துக்கு நடை, காத்திருப்பு, பயணம், மாறுதல், மறுபடி நடை எல்லாவற்றையும் நிமிடத்தில் கூட்ட வேண்டும். போக்குவரத்து நிறுவனங்கள் கால அட்டவணையைத் திறந்த தரவாகத் தருவதால் இதையும் கணினியில் போடலாம். ஆனால் ஒரே நேரத்துக்குப் போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். செவ்வாய்க் காலை 10 மணிக்கு 25 நிமிடம் ஆகும் பயணம், ஞாயிறு மாலை 70 நிமிடம் ஆகலாம். இரவு வேலை முடிந்து வருகிறவர் இறங்கும்போது கடை திறந்திருக்கிறதா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

திரும்பி வரும் வழியைத் தனியாக அளக்கச் சொல்வேன். போகும்போது கை காலி. வரும்போது இரண்டு கையிலும் பை, சிலருக்கு இடுப்பில் குழந்தை. ஏற்றமான தெரு என்றால் இரண்டும் ஒரே தூரம் என்று காலிடம் சொல்ல முடியாது. அதனால் கணினிக் கணக்கு முடிந்ததும் நான்கைந்து வழிகளையாவது நடந்தே பார்க்கிறோம். குழுவில் வயதான ஒருவர், குழந்தை வண்டி தள்ளும் ஒருவர், முடிந்தால் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர் இருப்பார்கள். எங்கே நடைபாதை நிற்கிறது, எந்தச் சிக்னலில் சாலையைக் கடக்க நேரம் போதவில்லை, எந்த நிறுத்தத்தில் உட்கார பெஞ்சு இல்லை என்று தாளில் குறித்துக்கொள்கிறோம். நகர மன்றத்தில் உறுப்பினர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வண்ண வரைபடத்தைவிட இந்தத் தாள்தான்.

கார் இல்லாத வீடுகள் எத்தனை என்று எப்படித் தெரியும்?

'அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே' என்ற தொடர் கணக்கெடுப்பில் இருக்கிறது. சென்சஸ் துறை இணையதளத்தில் பி08201 என்ற அட்டவணையைத் தேடுங்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை வாகனம் என்று டிராக்ட் வாரியாக வரும். சின்னப் பகுதிக்கு ஐந்தாண்டுச் சராசரியையே எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் பிழை வரம்பு பெரிதாக இருக்கும். 120 வீடு, கூட்டக் குறைய 60 என்று போட்டிருந்தால் 120ஐ மட்டும் எழுதாதீர்கள்.

ஒரு கார் இருக்கிறது, அதைக் காலையில் ஒருவர் வேலைக்கு ஓட்டிப் போய்விடுகிறார், வீட்டில் இருப்பவருக்கு உரிமமும் இல்லை. புதிதாக வந்த நம் குடும்பங்களில் இது சாதாரணம். அட்டவணையில் அது 'கார் உள்ள வீடு'. வீடு வீடாகக் கேட்டால் மட்டுமே இது தெரியவரும்.

கடைக்குள் என்ன இருக்கிறது, விலை என்ன என்பதையும் அளக்க வேண்டுமா?

முடிந்தால் கட்டாயம். பக்கத்திலேயே கடை இருந்து, வாடிய கீரையும் இரட்டை விலைப் பாலும் இருந்தால் என்ன பயன்? இதற்கென்று 2007இல் வெளியான 'நெம்ஸ்' என்ற சோதனைப் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. பழம், காய், பால், ரொட்டி, மாட்டிறைச்சி போன்ற பொருட்களில் நல்ல வகை இருக்கிறதா, வழக்கமான வகையைவிட விலை அதிகமா, பழமும் காயும் தரமாக இருக்கின்றனவா என்று கடைக்கு மதிப்பெண் போடும் முறை.

நாங்கள் அதைச் சுருக்கி, பன்னிரண்டு பொருள் கொண்ட ஒரு கூடை வைத்திருக்கிறோம். அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் உண்மையில் சமைக்கும் பொருட்களாகக் கூடை இருக்க வேண்டும். எங்கள் கூடையில் அரிசியும் உண்டு, சோள மாவு ரொட்டியும் உண்டு, கொலார்டு கீரையும் உண்டு. விலையை எடைக்குக் கணக்கிடுங்கள். சின்னப் பொட்டலம் மலிவாகத் தெரியும், பவுண்டுக்குப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு உதவி அட்டையை ஏற்கிறார்களா என்பதையும் குறியுங்கள்.

கடைக்காரரிடம் முதலில் போய் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் அலமாரி அலமாரியாக எழுதினால் யாருக்கும் பதற்றம் வரும். பேசினால் பலர் தாங்களாகவே சொல்வார்கள்: எந்த மொத்த வியாபாரி சின்ன அளவில் காய்கறி இறக்க மறுக்கிறார், எது விற்காமல் அழுகிப்போகிறது என்று. எந்தத் தரவிலும் கிடைக்காத செய்தி இது.

மக்கள் பக்கத்துக் கடைக்கே போவதில்லையே? பிறகு அருகில் உள்ள கடையின் தூரத்தை ஏன் பார்க்க வேண்டும்?

சரியான கேள்வி. 2012-13இல் வேளாண்மைத் துறை நடத்திய உணவு வாங்கும் பழக்கக் கணக்கெடுப்பில், வீட்டுக்கு மிக அருகில் உள்ள சூப்பர்மார்க்கெட் சராசரியாக 2.1 மைல் தூரத்தில் இருந்தது. வழக்கமாக வாங்கும் கடையோ 3.8 மைல் தூரத்தில். விலை, பழக்கம், வேலைக்குப் போகும் வழி, வேண்டிய பொருள் என்று காரணங்கள் பல. நம்மவர்கள் பொன்னி அரிசிக்காக முப்பது மைல் ஓட்டிப் போவதும் இதில் சேர்த்திதான்.

அதனால் கணக்கில் இரண்டு கேள்வி தனித்தனியாக வேண்டும். அருகில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. நீங்கள் எங்கே, எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை வீட்டு வாசலில் நின்று கேட்க வேண்டும். அருகில் உள்ள கடையைத் தாண்டிப் போகிறார்கள் என்றால் ஏன் என்பதுதான் அடுத்த கேள்வி.

புதுக் கடை வந்துவிட்டால் சாப்பாட்டுப் பழக்கம் மாறிவிடுமா?

அப்படி உறுதி கொடுக்காதீர்கள். பிலடெல்பியாவில் புதிதாக வந்த ஒரு சூப்பர்மார்க்கெட்டை வைத்து 2014இல் வெளியான ஆய்வில், கடை வசதி கூடியதாக மக்கள் உணர்ந்தார்கள். ஆனால் பழம் காய்கறி சாப்பிடும் அளவிலும் உடல் எடையிலும் தெளிவான மாற்றம் இல்லை. பிட்ஸ்பர்கின் ஹில் டிஸ்டிரிக்ட் பகுதியில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 2013இல் ஒரு கடை திறந்தது. அங்கே உணவின் தரம் கொஞ்சம் மேம்பட்டது. ஆனால் அந்தக் கடைக்கு அடிக்கடி போனவர்களிடம் மற்றவர்களைவிட அந்த மாற்றம் கூடுதலாகத் தெரியவில்லை. பணக்கார, ஏழைக் குடும்பங்களின் உணவுத் தர வேறுபாட்டில், அவரவருக்குக் கடைகளில் கிடைக்கும் பொருட்களுக்கும் விலைக்கும் உள்ள பங்கு சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்று 2019இல் வந்த பெரிய பொருளாதார ஆய்வு ஒன்று சொன்னது.

இதைப் படித்துவிட்டு, "பிறகு எதற்கு இந்த வேலை?" என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். என் பதில்: ஒருவர் பால் வாங்க இரண்டு மணி நேரம் செலவழிக்கிறார் என்றால், அந்த இரண்டு மணி நேரமே குறை. அவர் அதற்குப் பிறகு என்ன சாப்பிடுகிறார் என்பதை வைத்துத்தான் அந்தக் குறைக்கு மதிப்பு வர வேண்டும் என்பதில்லை. குழாய்த் தண்ணீர் கேட்பவரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லையே.

இப்போது எல்லாம் ஆன்லைனில் வந்துவிடுகிறதே?

ஓரளவுக்கு. உணவு உதவி அட்டையால் ஆன்லைனில் வாங்கும் சோதனை முயற்சி 2019இல் நியூயார்க்கில் தொடங்கி, 2020இல் கொரோனா காலத்தில் வேகமாகப் பரவியது. ஆனால் வீட்டுக்குக் கொண்டு வரும் கட்டணத்தை அந்த அட்டையிலிருந்து செலுத்த முடியாது, கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதோடு, எல்லா முகவரிக்கும் வருவதில்லை. உங்கள் பகுதியில் பத்து முகவரியைப் போட்டுப் பாருங்கள்: வருகிறதா, குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு. ஒரு மாலை வேலைதான்.

கிராமப்புறத்துக்கு இதே முறை போதுமா?

நடைத் தூரத்தை விட்டுவிட்டு ஓட்டும் நேரத்தைப் பாருங்கள். அங்கே கார் இல்லாமல் வாழ்வதே அரிது. ஆகவே கார் பழுதானால், ஓட்டுபவர் முதுமையில் ஓட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அருகில் உள்ள கடை மூடினால் அடுத்தது எவ்வளவு தூரம் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரே கடையை நம்பியிருக்கும் ஊருக்கு முதல் எண்ணைவிட இரண்டாவது எண் முக்கியம். மாவட்ட எல்லையில் நிறுத்தாதீர்கள், பக்கத்து மாவட்டக் கடைகளையும் எண்ணுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த அளவுகோலைப் பயன்படுத்தலாமா?

அப்படியே எடுத்துப் போட்டால் அபத்தமாகிவிடும். 20 லட்சம் டாலர் விற்பனை உள்ள கடை வேண்டும் என்று வைத்தால் அநேகமாக எல்லாக் கிராமமும் 'கடை இல்லாத ஊர்' ஆகிவிடும். அங்கே தெருமுனை அண்ணாச்சி கடை இருக்கிறது, தள்ளுவண்டியில் காய் வருகிறது, வாரச் சந்தை கூடுகிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் பல ஊர்களில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் அளக்க வேண்டிய முதல் கடை ரேஷன் கடை. அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். ஆக, அங்கே பெரும்பாலோருக்கு அரிசி விலை பிரச்சினை இல்லை. கடை எந்த நாள் திறக்கிறது, சரக்கு வந்துவிட்டதா, எத்தனை தடவை நடக்க வேண்டியிருக்கிறது என்பவைதான் பிரச்சினை. பகுதிநேரக் கடையில் வாரத்தில் ஓரிரு நாள்தான் விநியோகம். அன்று கூலி வேலைக்குப் போனவருக்கு அடுத்த தெருவில் இருக்கும் கடையும் தூரம்தான். விரல் ரேகை வைக்க வேண்டியிருப்பதால், நடக்க முடியாத முதியவர் தனியாக இருந்தால் இன்னும் சிக்கல். இதை உணர்ந்துதான் 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கியது. கடை நகராமலே அணுகல் மாறிய இடம் அது. மைலை மட்டும் அளந்திருந்தால் அந்த மாற்றம் கணக்கில் விழுந்தே இருக்காது.

ஒரு தடவை அளந்தால் போதுமா?

போதாது. மேலே சொன்ன பிட்ஸ்பர்க் கடை 2013இல் திறந்து 2019இல் மூடிவிட்டது. சிகாகோவின் எங்கில்வுட்டில் 2016இல் பெரிய ஆரவாரத்தோடு திறந்த ஹோல் ஃபுட்ஸ் சூப்பர்மார்க்கெட் 2022இல் மூடியது. வேளாண்மைத் துறை வரைபடத்தின் 2019 பதிப்பு 2010 மக்கள்தொகைக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. உங்கள் வரைபடத்தின் மூலையில் எந்த மாதம் அளந்தது என்று எழுதுங்கள். கடைப் பட்டியலை வருடம் ஒருமுறை போன் போட்டுச் சரிபாருங்கள்.

முடிவை எப்படிக் காட்டுவது, யாரிடம் கொடுப்பது?

சராசரியைக் காட்டாதீர்கள். "சராசரித் தூரம் 0.8 மைல்" என்றால் கடைக்கு எதிரே இருப்பவரும் இரண்டு மைல் நடப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அரை மைலுக்கு அப்பால் கார் இல்லாத வீடுகள் இத்தனை, பேருந்தில் 45 நிமிடத்துக்கு மேல் ஆகும் வீடுகள் இத்தனை என்று எண்ணிக் கொடுங்கள். தனி வீடு அடையாளம் தெரியும்படி புள்ளி வைக்காதீர்கள், தெருத் தொகுதி அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நகர மன்றத்துக்குக் கொடுப்பதோடு பேருந்து நிறுவனத்துக்கும் சாலைத் துறைக்கும் ஒரு பிரதி கொடுங்கள். புதுக் கடை வரப் பல வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். நிறுத்தத்தை இருநூறு அடி நகர்த்துவதும், நின்றுபோன நடைபாதையைக் கடை வரை நீட்டுவதும் அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் முதல் பிரதியை, உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்ன வீடுகளுக்குக் கொடுங்கள். தங்கள் தெருவைப் பார்த்ததும், "இந்தக் கடை போன மாதமே மூடிவிட்டது" என்று அவர்கள்தான் திருத்துவார்கள்.